அந்தகாரத்தைக் காப்பாற்றிய ஆணையம்

தையல்நாயகி அரசாங்கத்திடம் கேட்டது நாலு விளக்குக் கம்பம். ஒரு சொல்லைக் காப்பாற்றித் தரும்படி அவள் யாரையும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு வந்த அரசாணைகளில் எல்லாம் அவள் பெயர் ‘சொற்காவலர் திருமதி தையல்நாயகி’ என்று அச்சாகியிருக்கிறது. பார்க்கிறவர்கள் அவளே விரும்பிப் போய் மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

மரக்காணத்து உப்பளங்களுக்கும் அவள் குடியிருந்த கழிமேட்டுக்கும் நடுவில் கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க்கு மேல் ஒரே ஒரு பலகை. வேலைக்குப் போவதானாலும் பலகை, பஸ் பிடிப்பதானாலும் பலகை, ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் அதே பலகைதான். உப்பளத்து வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் உப்பின் வெள்ளை கண்ணைப் பிடுங்கிவிடும். அதனால் கழிமேட்டு ஜனங்கள் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். பலகை குறுகலானது, கால் வைக்கிற இடம் தெரியாமல் இரண்டு பேர் ஏறினால் ஆடிக் கவிழ்த்துவிடும். இருட்டில் முன்னால் போகிறவர் இறங்கிவிட்டாரா இல்லையா என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே அக்கரையில் கால் வைத்ததும், திரும்பிப் பார்த்து “அந்தகாரம்!” என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த ஆள் பலகையில் ஏற வேண்டும். யார் ஆரம்பித்தது, ஏன் அந்தச் சொல் என்று எவருக்கும் தெரியாது, எவரும் கேட்டதும் இல்லை. சத்தம் வந்தால் ஏறு, வராவிட்டால் நில்லு, அவ்வளவுதான்.

தையல்நாயகியின் புருஷன் பஞ்சநாதன் ஒருநாள் நடுப்பலகையில் நின்று பயங்கரமாக இருமினான். பின்னால் நின்ற ஆள் அதைச் சத்தம் என்று நினைத்து ஏறிவிட்டான். இரண்டு பேரும் கால்வாயில் விழுந்தார்கள். பின்னால் வந்தவன் பஞ்சநாதன் மேலேயே விழுந்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சநாதனுக்குக் கால் முறிந்தது.

மருமகள் சங்கீதாவுக்கு அப்போது ஆறாம் மாதம். மகன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் ஷிப்டு வேலை, வாரத்துக்கு ஒருநாள் வருவான். வலி எடுத்தால் இந்தப் பலகையில்தான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தையல்நாயகி பஸ் ஏறினாள். விழுப்புரத்தில் திங்கட்கிழமை மனு வாங்குகிற இடத்துக்குப் போய், வாசலில் மனு எழுதுகிறவனிடம், “பலகைகிட்ட ஒரே அந்தகாரமா கெடக்குது, நாலு லைட்டு போட்டுக் குடுங்கன்னு எழுதுப்பா” என்றாள். அவனும் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே எழுதினான்.

என்ன அதிசயமோ, மின்சாரத்துக்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். கம்பங்களைக் கொண்டுவந்து போட்டார்கள், குழியும் தோண்டினார்கள். நாளைக்கு நட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தையல்நாயகி அவர்களுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கம்பம் நட ஆள் வரவில்லை, ஒரு ஜீப் வந்தது. அதன் நெற்றியில் ‘அருஞ்சொல் பாதுகாப்பு ஆணையம்’ என்று எழுதியிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் முனைவர் ராஜவேல், இணை இயக்குநர். சந்தன நிறச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் தையல்நாயகியின் மனு. பலகையை ஒருதரம் பார்த்தார். யார் இங்கே தையல்நாயகி என்று அக்கரையில் நின்றபடியே கேட்டார்.

“அம்மையீர், இந்தச் சொல்லைச் சொன்னது நீங்கள்தானா?”

தையல்நாயகிக்குப் பகீரென்றது. “இன்னா சொல்லுங்க? நான் கெட்ட வார்த்தை எதுவும் பேசலீங்களே. எழுதுனவன் ஏதாச்சும் சேத்து எழுதிட்டானா?”

“அந்தகாரம்! பெயர்ச்சொல். ஒன்று, இருள். இரண்டு, அறியாமை.” முனைவர் மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “அகராதியில் கிடக்கிறது, ஆனால் வாயில் இல்லை. எங்கள் ஆணையம் மாநிலம் முழுக்கத் தேடியது. அன்றாடப் பேச்சில் இந்தச் சொல் உயிரோடு இருப்பது உங்கள் தெருவில் மட்டும்தான்.”

“சரிங்க, இருந்துட்டுப் போவட்டும். கம்பத்தை எப்ப நடுவீங்க?”

“கம்பமா? காட்டை வெட்டிவிட்டுப் புலியைக் காப்பாற்ற முடியுமா?”

“இங்க புலியெல்லாம் கெடையாதுங்க. நரி வரும், அவ்ளோதான்.”

முனைவர் ராஜவேல் பொறுமையாகச் சிரித்தார். “இருள் இருக்கும் வரைதான் இந்தச் சொல் இருக்கும். நாளைக்கே விளக்கைப் போட்டுவிட்டால் எவன் அந்தகாரம் என்பான்? மனம் விட்டுச் சொல்கிறேன். ஆணையம் தொடங்கிய நாள் முதல் நாங்கள் ஒரு சொல்லைக்கூடக் காப்பாற்றியதில்லை. நாங்கள் கோப்பை நகர்த்துவதற்குள் சொல் செத்துவிடும். இரங்கல் கூட்டம் மட்டும் சிறப்பாக நடத்துவோம். இந்த முறை விடப்போவதில்லை.”

அன்று மாலையே கழிமேடு ‘சொல் வாழிடம்’ ஆக அறிவிக்கப்பட்டது. குழிகளை மூடினார்கள். கம்பங்களை எடுத்துக்கொண்டு போக லாரி இல்லாததால் அங்கேயே விட்டுவிட்டார்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை வந்தது: ‘இது பாதுகாக்கப்பட்ட இருள். விளக்கேற்றுவது குற்றம். இரவில் இந்த அறிவிப்பைப் படித்து நடக்கவும்.’

ஆணையம் சொல்லைக் காப்பதில் காட்டிய அக்கறையைக் குறை சொல்லவே முடியாது. முதல் வாரம் டார்ச் லைட்டுகளுக்கு அனுமதிச் சீட்டு வந்தது. அடுத்த வாரம், வீட்டு பல்பு வெளிச்சம் தெருவில் கசியாதபடி சாயங்காலமே ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. மின்மினிப் பூச்சிகளைப் பற்றி வனத்துறைக்கு ஒரு கடிதம் போயிற்று. பௌர்ணமியைப் பற்றி எந்தத் துறைக்கு எழுதுவது என்று தெரியாததால், அன்றைய தினத்தை ஆணையத்துக்கு விடுமுறை என்று அறிவித்துவிட்டார்கள்.

இதற்குள் யாரோ ஒருவர், உப்புக் குவியல்கள் நட்சத்திர வெளிச்சத்தில் மினுங்குகின்றன என்று கண்டுபிடித்துச் சொன்னார். உடனே உப்பள முதலாளி குத்புதீனுக்கு நோட்டீஸ் வந்தது. குவியல்களை எல்லாம் கீற்று போட்டு மூட வேண்டும்.

“மழைக்காலத்துல மூடுவோம், நெஜந்தான்,” என்றார் குத்புதீன் பாய். “சித்திரை வெயில்ல மூடுனா உப்பு எப்டிங்க காயும்?”

“உப்பு எங்கள் துறை அல்ல,” என்றார் முனைவர்.

“யா அல்லா! உப்பு வெள்ளையா இருக்குதுன்னு கேஸு போட்ட மொத ஆளு நீங்கதான் சார்.”

முனைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

சொல் உயிரோடு இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதற்கு லூர்துமேரி என்று ஒரு களப் பதிவாளரை அனுப்பினார்கள். ஒப்பந்த வேலை. முதலியார்சாவடிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். காதில் பெரிய ஹெட்போன், கையில் கம்பு நுனியில் கட்டிய மைக். விடிவதற்கு முன்னால் பலகையருகே வந்து உட்கார்ந்து, ஜனங்கள் கொடுக்கிற சத்தத்தைப் பிடித்து விழுப்புரத்துக்கு அனுப்புவாள். கொசு பிய்த்துவிடும். தையல்நாயகி பரிதாபப்பட்டு அவளுக்கு டீ கொடுக்க ஆரம்பித்தாள்.

“நீயாவது சொல்லும்மா. ஒரு வார்த்தை இல்லாட்டிப் போனா இன்னா ஆயிடும்?”

“எனக்கு வேலை போயிடுங்க்கா,” என்றாள் லூர்துமேரி. ஆணையத்தில் நேராகப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

முதல் பொருளுக்கு இப்படியெல்லாம் காவல் போட்ட பிறகு, இரண்டாம் பொருள் அநாதையாக நிற்கிறதே என்று ஆணையத்துக்கு உறைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஏசி மண்டபத்தில் ‘அந்தகாரம்: பொருளும் வழக்கும்’ என்று கருத்தரங்கு நடந்தது. தையல்நாயகியை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். இருள் முதற்பொருளா, அறியாமை முதற்பொருளா என்று மத்தியானம் வரை அடித்துக்கொண்டார்கள். கழிமேட்டில் இருள் இருப்பது கண்ணால் தெரிகிறது, அறியாமை போதிய அளவில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாழிடம் அரைகுறையாகிவிடும் என்று தீர்மானம் போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிட்டார்கள்.

சோதனைக்கு முனைவர் ராஜவேலே வந்தார். உப்பளத்துக் கொட்டகையில் மேஜை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

“அறியாமை என்றால் என்ன?”

“தெரியாதுங்க,” என்றாள் தையல்நாயகி.

“அற்புதம்!” முழு மதிப்பெண் போட்டார் முனைவர்.

பஞ்சநாதன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நாட்டின் தலைநகரம் எது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னால் கம்பம் கிடைக்குமா, தப்பாகச் சொன்னால் கிடைக்குமா என்று அவன் திருப்பிக் கேட்டான். முனைவர் அதைத் தனித்தாளில் ‘ஆபத்தான ஆர்வம்’ என்று குறித்துக்கொண்டார். உண்மையில் மோசமாகப் போனது சங்கீதாவின் சோதனைதான். அவள் பி.எஸ்சி. கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். போதாததற்கு, வினாத்தாளில் இருந்த இரண்டு பிழைகளையும் எடுத்துக்காட்டினாள்.

முனைவரின் முகம் சுருங்கிவிட்டது. “இந்தப் பெண் வாழிடத்துக்குள் எப்படி வந்தார்?”

“கல்யாணம் கட்டிக்கினு வந்துச்சுங்க, பக்கத்துப் பிரம்மதேசத்துலேர்ந்து,” என்றாள் தையல்நாயகி.

“வெளியிலிருந்து வந்த இனம்,” என்று எழுதினார் முனைவர். சங்கீதா சாயங்காலத்தில் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது தெரிந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. பாடம் நிறுத்தப்பட்டது. அவள் பட்டத்தை வாழிடக் காலம் முடியும் வரை ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. சங்கீதா லேமினேட் செய்த ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள்.

“அத்தே, இவங்க பைத்தியமா, இல்ல நம்மள பைத்தியமாக்கறாங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டுந்தான். நீ சாப்புடு.”

தையல்நாயகி அப்படிச் சொன்னாளே தவிர விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாள் நெருங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் டிரைவரைப் பார்த்துப் பேசினாள். “ரோடு வரைக்கும் எந்நேரமானாலும் வந்துடுவேம்மா. அந்தப் பலகையில ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கினு இருட்டுல ஏறச் சொல்லாத. தாயும் புள்ளையும் தண்ணிக்குள்ள போனா நான் ஜெயிலுக்குப் போவணும். ஒரு லைட்டு இருந்தா, நான் முன்னாடி நின்னு தூக்குவேன்” என்றான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்கு வந்து சங்கீதாவின் வயிற்றைப் பார்த்ததும் தையல்நாயகிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறி ஆணையத்தின் அலுவலகத்துக்கே போய்விட்டாள். பட்டப்பகலில் ஒவ்வொரு அறையிலும் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. கக்கூசில்கூட இரண்டு எரிந்தது. முனைவர் ராஜவேல் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம்.

“சார், ஒரே ஒரு கம்பம் போதும் சார். பலகைகிட்ட மட்டும். புள்ள பொறந்ததும் நீங்களே வந்து புடுங்கிக்கினு போங்க.”

“பிரசவத்தைப் பகலில் வைத்துக்கொள்ளலாமே அம்மா?”

“வலி நம்மளக் கேட்டுக்கினா சார் வரும்?”

முனைவர் யோசித்தார். மனிதாபிமானம் உள்ளவர் என்பதால் உடனே ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார். பெறுநர்: ‘பிறக்கவிருக்கும் குழந்தை, கழிமேடு.’ பொருள்: ‘பிறப்பு நேரம் – மாற்றியமைத்தல் – தொடர்பாக.’ காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிறந்து ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டிருந்தது. நகல் தாய்க்கு, தகவலுக்காக.

தையல்நாயகி அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது. திண்டிவனம் தாண்டி மரக்காணம் வருகிற வரைக்கும் ராஜவேலையும் ராஜவேலைப் பெற்றவர்களையும் ராஜவேலுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர்களையும் வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தாள். கழிமேட்டுக்கு வந்து கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு தெருவே அதே பெயரைச் சொல்லித் திட்டியது. நாலு நாளைக்கு அந்தத் தெருவில் வேறு பேச்சே இல்லை. பால் திரிந்தாலும் ராஜவேல், சைக்கிள் பஞ்சரானாலும் ராஜவேல்.

லூர்துமேரிதான் டீ குடிக்கும்போது போகிற போக்கில் சொன்னாள். “ஒரு மாசம் சேந்தாப்புல மைக்குல அந்த வார்த்தை விழலைன்னா செத்துடுச்சுன்னு எழுதி மூடிடுவாங்கக்கா. இரங்கல் கூட்டம் போட்டுட்டு வேற எடத்துக்குப் போயிடுவாங்க.”

தையல்நாயகி டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்ப வாயை மூடிக்கினா போதுமா?”

“நான் ஒண்ணும் சொல்லலக்கா. மைக் ஆஃப்ல இருக்குது.”

அன்றைக்கே குழாயடியில் எல்லோரையும் கூட்டிப் பேசினாள். இனிமேல் கழிமேட்டில் அந்தச் சொல்லை எவரும் வாயில் எடுக்கக் கூடாது. பலகையைத் தாண்டினால் வேறு ஏதாவது சத்தம் கொடுக்க வேண்டியது. என்ன சத்தம் என்பதில் கூட்டம் கலைகிற வரை முடிவாகவில்லை. ஒருவர் விசில் என்றார், ஒருவர் கைதட்டல் என்றார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்கள்.

விடிகாலையில் முதலில் பலகை ஏறியவள் ஆராயி. சாமர்த்தியமான உப்பளத்துக்காரி, ஆனால் வாய் கொஞ்சம் அவசரம். அக்கரையில் கால் வைத்தாள், பழக்கத்தில் திரும்பினாள், வாயைத் திறந்தாள். பழைய சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஐயோ என்று அதை முழுங்கினாள். அந்த இடத்தில் வேறு எதையாவது கத்தியே ஆக வேண்டும், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். நாலு நாளாக வாயிலேயே கிடந்தது எதுவோ அதுதான் வந்தது.

“ராஜவேலு!”

இக்கரையில் நின்றவர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு அடுத்த ஆள் பலகையில் ஏறி, இறங்கி, “ராஜவேலு!” என்றான். அதற்கு அடுத்தவளும் அப்படியே. வரிசை மொத்தமும் ஒருவர் பின் ஒருவராக முனைவரின் பெயரைக் கூவிக்கொண்டு கால்வாயைத் தாண்டியது. அன்று ஒருவரும் விழவில்லை. சத்தத்துக்கு நல்ல தெளிவு இருந்தது, காற்றில் தூரமாகக் கேட்டது. அப்புறம் யாரும் விசிலைப் பற்றிப் பேசவில்லை.

பேச்சு ஒரு இடத்தில் நிற்குமா என்ன? ஒரு வாரத்தில் பலகையிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. “ஜன்னலைச் சாத்துனா வூடே ராஜவேலா ஆயிடுது” என்றார்கள். உப்பு ஏற்ற வருகிற லாரி டிரைவர்கள் கேட்டுக்கொண்டு போனார்கள். குத்புதீன் பாய் கணக்குத் தெரியாத மேஸ்திரியைப் பார்த்து, “உங்கிட்ட கேட்டம் பாரு, நீ ஒரு ராஜவேலு” என்றார். இப்படி இரண்டாம் பொருளும் யாரும் காப்பாற்றாமலே தானாக வந்து சேர்ந்துகொண்டது.

விழுப்புரத்தில் ஒலிப்பதிவைக் கேட்ட முனைவர் ராஜவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பெயரைச் சொல்லித்தான் இந்த எளிய மக்கள் வேலைக்கே கிளம்புகிறார்கள்! மனைவிக்குப் போட்டுக் காட்டினார், மாமனாருக்கு அனுப்பினார். ஜீப்பில் புறப்பட்டு வந்து, பட்டுச் சால்வையோடு கழிமேட்டு ஜனங்களின் முன்னால் பேசினார்.

“உறவுகளே! நான் செய்ததெல்லாம் என் கடமை. உங்களிடம் வெளிச்சம் வராமல் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகளின் படிப்பை நிறுத்தினேன். ஒரு கருவுற்ற பெண்ணின் பட்டத்தைக்கூட வாங்கி வைத்தேன். இதற்காகப் போய் நீங்கள் என் பெயரை உச்சரிப்பதா? நான் அதற்குத் தகுதியானவனா?”

“நீங்கதான் சார் தகுதி,” என்றான் பஞ்சநாதன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒரு மாசம் முடிந்ததும் தலைமையகத்தின் அகராதிக் குழு கூடியது. பழைய சொல் காலமானதாக அறிவித்து இரங்கல் தீர்மானம் போட்டார்கள். கூடவே ஒரு நல்ல செய்தியும் இருந்தது. ஆணையத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு வாழிடத்தில் புதுச் சொல் பிறந்திருக்கிறது. பதிவு தயாராகி, பாராட்டுக் கடிதத்தோடு முனைவருக்கு வந்தது. அதை அவர் கையிலேயே பிடித்துக்கொண்டு கழிமேட்டுக்கு ஓடிவந்தபோது முகம் உப்பு போல வெளுத்திருந்தது.

லூர்துமேரி வாங்கி உரக்கப் படித்தாள். “ராஜவேல், பெயர்ச்சொல். ஒன்று, இருள். எடுத்துக்காட்டு: பலகையில் ராஜவேலாக இருக்கிறது, பார்த்து வா. இரண்டு, அறியாமை, அறியாமை மிக்கவர். எடுத்துக்காட்டு: அவனிடம் கேட்காதே, அவன் ஒரு ராஜவேல்.”

“என்னை எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறார்களா?” என்று முனைவர் பலவீனமாகக் கேட்டார்.

“இல்ல சார். ஆளைப் பத்தி ஒண்ணுமே போடல.”

“இதைச் சொல்லக் கூடாது என்று தடை போட்டுவிடலாம்.”

“நம்ம சட்டத்துல சொல்லைக் காப்பாத்தத்தான் சார் அதிகாரம் இருக்குது. தடை பண்ண இல்ல. வாழிடத்தைப் புதுச் சொல்லுக்கு மாத்தி நூறு வருஷத்துக்கு நீட்டிக்கப் போறாங்களாம். ஆர்டர் நாளைக்கு வருதாம்.”

முனைவர் ராஜவேல் பலகையைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், மூடின குழிகளைப் பார்த்தார். அவருடைய வாயிலிருந்து அவருடைய சொந்தக் கொள்கையே வெளியே வந்தது. “இருள் இருக்கும் வரைதான் இந்தச் சொல் இருக்கும்.”

“அதான் சார்,” என்றாள் தையல்நாயகி. “கம்பம் இங்கேயேதான் கெடக்குது.”

அப்புறம் நடந்ததைக் கழிமேட்டில் இன்றைக்கும் கதையாகச் சொல்கிறார்கள். முனைவர் மின்சாரத்துக்காரர்களுக்குப் போன் போட்டார், கத்தினார், கெஞ்சினார். நாளைக்கு வருகிறோம் என்றதற்கு, நாளைக்கு நான் சிரஞ்சீவியாகிவிடுவேன் என்று அழுதார். மத்தியான வெயிலில், சந்தன நிறச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தானே கடப்பாரை பிடித்துக் குழியைத் திறந்தார். பஞ்சநாதன் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் ஆழமா சார், காத்துல சாஞ்சிடும்” என்று மேற்பார்வை பார்த்தான். லைன்மேன்கள் வந்து சேர்ந்து கம்பத்தைத் தூக்கினபோது முனைவரும் ஒரு தோள் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் நாலு விளக்கும் எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஆணையத்திலேயே இவ்வளவு வேகமாக நடந்த வேலை வேறு கிடையாது.

முனைவர் ஒவ்வொரு கம்பத்தின் கீழும் போய் நின்று பார்த்தார். “இப்போது எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.”

“பளிச்சுனு இருக்குது சார்,” என்றது தெரு ஒரே குரலில். அவர் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த நாளே, ஆணையத்தின் கடிதத்தைக் கொஞ்சமும் மதிக்காமல், ராத்திரியில் சங்கீதாவுக்கு வலி வந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்ன சொல் காப்பாற்றினான். முன்னால் நின்று அவனே தூக்கினான். ஸ்ட்ரெச்சர் பலகையைத் தாண்டும்போது, ஆணி எங்கே தேய்ந்திருக்கிறது என்பதுகூடத் தையல்நாயகிக்குத் தெரிந்தது. அவள் பின்னாலேயே வந்தாள். அன்றைக்குப் பலகையில் யாரும் சத்தம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அது வீலென்று அழுத சத்தம் கேட்டு, வெளியே நின்ற தையல்நாயகி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விடிந்து, வெளியூர் நர்ஸ் ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிற நேரத்தில் கரண்ட் போயிற்று. ஜன்னல் இல்லாத நடைபாதை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

“ஐயோ, ஒரே ராஜவேலா இருக்குதே!” என்றாள் நர்ஸ். “யாருப்பா அங்க, டார்ச்ச எடுத்தா!”

ஒரு ஆள் தடவித் தடவி ஓடிவந்தான். சுவிட்சை அமுக்கினான், எரியவில்லை. உள்ளே பேட்டரியே இல்லை.

“இதை எதுக்குய்யா எடுத்தாந்த? சரியான ராஜவேலுய்யா நீ!”

தையல்நாயகி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கிக்கொண்டு கேட்டாள். “யாரும்மா அந்த ராஜவேலு?”

“யாரா?” நர்ஸுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “ஆளெல்லாம் இல்லம்மா. அது ஒரு பேச்சு. எங்க ஊர்ல தலைமுறை தலைமுறையா அப்படித்தான் சொல்றோம்.”